ஏறிட்டியா?

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் முகம்மது கனி ஒரு கேள்வி கேட்பார். "ஏறிட்டியா?" திரும்பிப் பார்த்துக் கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. ரோட்டைப் பார்த்தபடியே கேட்பார். பின்னாலிருந்து அவர் மனைவி காமாரியா, "ம், போங்க," என்பாள். அதற்கப்புறம்தான் கியர். கல்யாணமான புதிதில் ஒருநாள், அவள் ஏறுவதற்கு முன்பே வண்டியைக் கிளப்பி, தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஜெலுத்தோங் வரைக்கும் போய்விட்டார் மனுஷர். பசார் வாசலில் மீன் பையோடு நின்றவள் அதற்கப்புறம் எத்தனை நாள் அவரோடு பேசவில்லை என்பது அவர்கள் வீட்டுச் சமாசாரம், நமக்கெதற்கு? அன்றிலிருந்து வந்தது அந்தக் கேள்வி.

காமாரியா மவுத்தானது போன நோன்புக்குக் கொஞ்சம் முன்னால். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அதற்கப்புறமும் கனி தினமும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போனார், ஸ்டோரில் நின்று பெட்டிகளை அடுக்க வைத்தார், சாயந்திரம் டத்தோ கெராமாட் பக்கத்து ஃப்ளாட்டுக்கு வந்து மகள் ஃபஸீலா போட்டுக் கொடுத்ததைச் சாப்பிட்டார். காமாரியாவின் ஹெல்மெட்டை மட்டும் வண்டிக் கொக்கியிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி ஃபஸீலா ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் பார்த்த பார்வையில் அதோடு விட்டுவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வரும் வழியில் பேராக் ரோட்டுக் கபர்ஸ்தானுக்குப் போனார். யாசீன் ஓதினார். காமாரியாவின் கபுர் மேல் விழுந்திருந்த சருகுகளைப் பொறுக்கிப் போட்டார். வெளியே வந்து, ஹெல்மெட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, வண்டியை ஸ்டார்ட் செய்தார். வாய் தானாகக் கேட்டது.

"ஏறிட்டியா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. பின்னால் யாரும் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போக மனசில்லாமல் கடலோர ரோட்டில், கடலைத் தாண்டுகிற பாலம் தெரிகிற வரைக்கும் ஓட்டினார். பொழுது சாய்கிற நேரம். கடல்மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

அங்கேதான் அது வந்தது. விலா எலும்புக்குக் கீழே, சட்டைக்கு மேலே, ரொம்ப லேசாக. காற்றில் சட்டை ஒட்டுகிறது என்று நினைத்தார். இல்லை. முதுகிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து வந்து, முன்னால் தொப்புளுக்கு மேலே சேர்ந்துகொண்டது. பின்சீட்டில் இருக்கிற ஆள் கட்டிப் பிடித்துக்கொள்வார்களே, அந்தப் பிடி. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். சட்டை, பட்டன், அவ்வளவுதான். ஆனால் பிடி இருந்தது.

பயப்பட வேண்டிய மனுஷர் பயப்படவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளேயே விக்கி விக்கி அழுதார். "வந்துட்டியா?" என்றார். இந்தக் கதையில் வந்த கஷ்டம் அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு அழுகைதான். அன்றைக்கே பயந்து அலறியிருந்தால் காரியம் இவ்வளவு தூரம் போயிருக்காது.

பிடி வண்டியோடு நிற்கவில்லை. அவர் இறங்கியதும் கூடவே இறங்கியது. லிஃப்டில் ஏறியது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் கூடவே உட்கார்ந்தது. தொழுகையில் குனியும்போது இன்னும் கொஞ்சம் இறுக்கியது. தும்மினாலும் இருமினாலும் வெடுக்கென்று இறுக்கும். முன்பு அவர் சடாரென்று பிரேக் போட்டால் காமாரியா பதறிப் பிடிப்பாள். அதே மாதிரிதான் இதுவும் என்று அவர் எடுத்துக்கொண்டார். தனியாக இருக்கும்போது, "ஒண்ணுமில்ல, தும்மல்தான்," என்று சமாதானம் வேறு சொல்வார். யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மகளிடம் கூட. சொன்னால் ஓதிப் பார்க்க ஆளைக் கூட்டி வருவாள், இல்லாவிட்டால் டாக்டரிடம் இழுத்துப் போவாள். இரண்டில் எது நடந்தாலும் பிடி போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது.

வண்டியில் முன்பக்கம் தள்ளி உட்கார ஆரம்பித்தார். பின்னால் இடம் வேண்டாமா? ஃபேக்டரி ஆட்கள் யாராவது தும்பாங் கேட்டால், அதாவது போகிற வழியில் கொண்டுபோய் இறக்கிவிடச் சொன்னால், "ஆள் இருக்கு," என்பார். எங்கே ஆள் என்று அவர்கள் பார்ப்பார்கள். அதற்குள் போய்விடுவார்.

வீட்டுக்குக் கீழே ஹனீபாவின் ரொட்டிச்சானாய் கடை. ஹனீபா வாய் ஓயாத ஆசாமி, நல்ல மனசுக்காரன். ஒருநாள் காலையில் கனி வண்டியை நிறுத்தும்போது கல்லுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"கனிண்ணே, பின் டயர்ல காத்தே இல்லையா? ஒரு ஆளு உக்காந்த மாதிரி அமுங்கிட்டு வருது."

"நேத்துதான் காத்து அடிச்சேன்."

"அப்ப எவனோ தும்பாங் வர்றான்லா!" என்று ஹனீபா சிரித்தான். மாவை வீசிக்கொண்டே பேச்சை வளர்த்தான். "சிரிக்காதீங்க. எங்க மாமா ஒருத்தரு கபர்ஸ்தான் வாசல்ல நின்னுக்கிட்டு, போனுல யாருகிட்டயோ 'வா, வந்து வண்டியில ஏறு'ன்னு சொல்லிட்டாரு. ஒரு வருஷம் முதுகு நிமிர முடியல மனுஷனுக்கு. அந்த எடத்துல வாய மூடிக்கிட்டு வண்டிய எடுக்கணும். கேக்காமலே ஏறுறது இருக்கு, நாமளே கூப்பிட்டா விடுமா?"

கனி உட்கார்ந்து வாங்கிய தே தாரிக் டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். கூப்பிட்டது நான், வந்தது என் பெஞ்சாதி, உனக்கென்னடா வந்தது என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் கால் கனத்தது. மாடிப்படியில் ஏறினால் முட்டிக்குக் கீழே மரத்துக் கிடந்தது. உட்கார்ந்திருக்கும்போது குதிகால் தரையில் பட்டால் கால் தானாக டக்டக்கென்று ஆட ஆரம்பிக்கும். கையை வைத்து அமுக்கினால்தான் நிற்கும். பள்ளிவாசலுக்குச் செருப்போடு போனவர் ஒரு கால் செருப்போடு வீடு வந்தார். எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. இத்தனைக்கும் அவர் மனசில் ஓடியது என்ன தெரியுமா? 'பாவம், அவளையும் சேர்த்துத்தானே தூக்கிட்டு நடக்கிறேன், கனக்காம என்ன செய்யும்?' அடக் கோட்டிக்கார மனுஷா! ஆனால் ஆசைப்பட்டது கைக்கு வந்த பிறகு எவன் உட்கார்ந்து சரிபார்க்கிறான், சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபஸீலா வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் மூக்கைச் சுளித்தாள். கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு அவள் அத்தா கனி பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து, சீழ் கட்டிக் கிடந்தது.

"அத்தா! காலுல என்னது இது?"

"எது?"

"இது! பைப் சுட்டிருக்கு! சதையே தெரியுது, வலிக்கலையா உங்களுக்கு?"

கனி குனிந்து பார்த்தார். புகைக்குழாய் பட்டுச் சுட்ட புண்தான். எப்போது பட்டதென்று அவருக்குத் தெரியாது. விரலால் தொட்டுப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ தொடுகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் முதல் தடவையாக அவருக்குக் கொஞ்சம் குளிர் எடுத்தது.

கிளினிக்கில் டாக்டர் புண்ணைக் கழுவிக் கட்டினார். கால் கனக்கிறது, மரக்கிறது என்று ஃபஸீலா சொன்னதும் முதுகு வலி உண்டா, எங்கே என்று கேட்டார். மகள் பக்கத்தில் நிற்கிறாள். விலாவைச் சுற்றிப் பிடி இறுக்கமாக இருக்கிறது. கனி கையைப் பின்னால் கொண்டுபோய், வேண்டுமென்றே ஒரு சாண் கீழே வைத்தார்.

"இங்க. இடுப்புல."

வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் திசை மாறிப் போனது. இடுப்புக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வயசுக்கு ஏற்ற தேய்மானம் என்று சொன்னார்கள். மாத்திரையும், இடுப்பில் கட்ட ஒரு பெல்ட்டும் கொடுத்தார்கள். டாக்டரை என்ன குற்றம் சொல்வது? காட்டிய இடத்தைத்தானே பார்க்க முடியும்? கனி வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கட்டிக்கொண்டார். பிடி அதற்கு மேலே பத்திரமாக இருந்தது. "பயப்படாத, நான் சொல்லல," என்றார் மெதுவாக.

அடுத்த வாரம் பாயான் லெப்பாஸ் போகிற வழியில் சிவப்பு விளக்கு. வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றினார். ஊன்றியதாக நினைத்தார், அவ்வளவுதான். கால் ஊன்றவில்லை. வண்டியும் அவரும் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்கள். பின்னால் வந்த ஃபேக்டரி பஸ் டிரைவர் இறங்கி ஓடி வந்து தூக்கிவிட்டான். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. காமாரியாவின் ஹெல்மெட் கொக்கியிலிருந்து கழன்று ரோட்டில் உருண்டு போனது. அன்று சாயந்திரம் வரைக்கும் மூத்திரம் போகவில்லை. முட்டுகிறது என்கிற உணர்ச்சியும் இல்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. ஃபஸீலா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே டாக்டர் சாந்தினி. முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிறவர், நம்ம தமிழ்ப் பொண்ணு, வேகமான பேச்சு. முதலில் ட்யூப் போட்டு மூத்திரத்தை வடியவிட்டார்கள். பிறகு சாந்தினி சுத்தியலால் முட்டியைத் தட்டினார். கால் துள்ளி உதைத்தது. உள்ளங்காலில் கீறினார். கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது.

"இடுப்புல நரம்பு அமுங்கியிருந்தா கால் இப்படித் துள்ளாது," என்றார் தனக்குத்தானே. "கை ரெண்டும் நல்லா இருக்கு, அப்ப கழுத்தும் இல்ல. அங்கிள், கண்ண மூடிக்குங்க. பஞ்சால தொடுவேன். தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க, போதும்."

கனி கண்ணை மூடினார். தோளில் பஞ்சு. "ம்." நெஞ்சில். "ம்." நெஞ்சுக்குழியில். "ம்." அதற்கப்புறம் அவர் காத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் இன்னும் தொடவில்லை போலும் என்று நினைத்தார். கண்ணைத் திறந்தபோது டாக்டரின் கை அவர் பாதத்தில் இருந்தது. வயிற்றின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். விலாவுக்குக் கீழே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும்.

பிடி எங்கே இருந்ததோ, மயிரிழை தப்பாமல் அங்கேயே.

கனி அந்தக் கோட்டையே பார்த்தார். யாரும் பார்க்காத ஒன்றை இந்தப் பெண் எப்படிப் பார்த்தாள்?

"இந்தக் கோட்டுல பெல்ட் போட்டு இறுக்குற மாதிரி, யாரோ கட்டிப் புடிக்கிற மாதிரி இருக்கா அங்கிள்?"

"இல்ல," என்றார் கனி. இல்லை என்று சொன்ன வேகம் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. முதுகெலும்பு முழுக்க ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

படம் வந்தது. கழுத்திலிருந்து கீழே இறங்கும் சாம்பல் நிறக் கயிறு, நடு முதுகில் ஒரு இடத்தில் நூலாக நசுங்கி ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. பக்கத்தில் வெள்ளையாக ஒரு உருண்டை, வேர்க்கடலை அளவுக்கு.

"இதுதான் தண்டுவடம். மூளையிலேர்ந்து காலுக்கு, மூத்திரப்பைக்கு எல்லாம் சேதி போற பாதை," என்றார் சாந்தினி. "இது ஒரு கட்டி. நரம்பு உறையில வளந்திருக்கு. பாத்தா புத்துநோய் மாதிரி தெரியல, எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதியா சொல்லலாம். மெதுவா வளந்து தண்டுவடத்த நசுக்குது. விலாவச் சுத்தி வர்ற நரம்பையும் சேத்து இழுக்குது, அதனாலதான் பொதுவா ஒரு பிடி மாதிரி தெரியும். மூத்திரம் நின்னுபோச்சுன்னா இதுக்கு மேல தாங்காதுன்னு அர்த்தம். இன்னிக்கே எடுக்கணும். தள்ளிப் போட்டா கால் போனது போனதுதான், அப்புறம் நானே நெனச்சாலும் திருப்பிக் குடுக்க முடியாது."

"எடுத்துட்டா…" கனி விலாவைத் தொட்டுக்கொண்டார். "அந்தப் பிடி?"

"போயிடும்."

"அப்ப வேண்டாம்," என்றார்.

டாக்டர் திகைத்துப் போனார். ஃபஸீலாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அத்தாவோடு பேசச் சொல்லிவிட்டு, ரொம்ப நேரம் இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டு வெளியே போனார்.

"என்னத்தா இது? பைத்தியமா உங்களுக்கு? நடக்க முடியாமப் போயிடும்ங்குறாங்க!"

கனி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். கபர்ஸ்தான் வாசலில் வாய் தவறிக் கேட்டது, பாலத்துக்குப் பக்கத்தில் வந்த பிடி, இடுப்பு என்று பொய் சொன்னது. "உங்கம்மா என்னைப் புடிச்சிக்கிட்டு இருக்காம்மா. இத்தன மாசமா விடவே இல்ல. அவளத்தான் இவங்க வெட்டி எடுக்கப் போறாங்க. காலு போனா போகட்டும்."

ஃபஸீலா வாயைப் பொத்திக்கொண்டாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எனக்கும் அம்மாதானே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா என்று கேட்க வாயெடுத்தாள். அவள் பார்வை அத்தாவின் கைகளில் விழுந்தது. பிடி இருந்த விதத்தைக் காட்ட அவர் தன் இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொண்டிருந்தார், விலாவின் இரண்டு பக்கமும்.

"அத்தா," என்றாள். குரல் மாறியிருந்தது. "ரெண்டு கையாலயா?"

"ஆமா. ரெண்டு பக்கமும் வந்து, முன்னால சேந்துக்கும்."

"அம்மா எப்படி உக்காருவாங்க?"

"எப்படின்னா? பின்னால…"

"அத்தா, அம்மா பாஜு கூரோங் பாவாடை கட்டிக்கிட்டு ஒருக்களிச்சுத்தானே உக்காருவாங்க! ரெண்டு காலும் ஒரே பக்கம். இடது கையில எப்பவும் பசார் பை. ஒழுங்கா உக்காரு, விழுந்து சாகப் போறன்னு நீங்கதானே தெனமும் திட்டுவீங்க? ஒரு கையிதான் உங்க மேல இருக்கும். வலது இடுப்புல, ஒரே ஒரு கை." அவள் தன் கையை அத்தாவின் இடுப்பருகே கொண்டுபோய், தொடாமலே நிறுத்தினாள். "ரெண்டு கையும் போட்டுக் கட்டிப் புடிச்சு அம்மா ஒரு நாளும் வந்ததே இல்லையே அத்தா."

இத்தனை வருஷ சவாரியும் கனியின் கண்முன்னால் ஓடியது. பசார், ஆஸ்பத்திரி, பெருநாள், ஃபஸீலா பள்ளிக்கூடம். எல்லாவற்றிலும் ஒரு கைதான். வியர்த்த சின்னக் கை, விரலில் வெங்காய வாசனை. திட்டினால் அந்தக் கையாலேயே ஒரு கிள்ளு கிள்ளுவாள். இதை எப்படி மறந்தார்? மறக்கவில்லை. கேட்டுக்கொள்ளப் பயந்தார், அதுதான் உண்மை.

அன்றைக்குக் கபர்ஸ்தான் வாசலில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேர் சொல்லியும் கேட்கவில்லை. ஏறிட்டியா என்று மட்டும் கேட்டார். "ம், போங்க" என்று யாரும் சொல்லவில்லை.

"அப்ப இது யாரு?" என்றார்.

ஏர்கான் காற்றில் திரை லேசாக ஆடியது. அந்த நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்தது. வயிற்றைச் சுற்றிப் பிடி இறுகியது. இத்தனை மாதம் பிரியமாக இருந்த அதே இறுக்கம். இப்போது அவருக்கு மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டது. தன் சோற்றையும் தொழுகையையும் படுக்கையையும் யாரென்றே தெரியாத ஒன்றோடு பங்கு போட்டிருக்கிறார். சமாதானம் சொல்லியிருக்கிறார். அதைக் காப்பாற்றப் பொய்கூடச் சொல்லியிருக்கிறார். கால்களைப் பார்த்தார். போர்வைக்குக் கீழே அவை அவருடையவையாகவே இல்லை.

"டாக்டரக் கூப்பிடு," என்றார். "சீக்கிரம் கூப்பிடும்மா. ஓடு!"

சாந்தினி வந்ததும் கனி முந்திக்கொண்டார். "நான் பொய் சொன்னேன் டாக்டர். பிடி இருக்கு. நீங்க கோடு போட்ட அதே எடத்துல. ரொம்ப நாளா இருக்கு."

"எனக்குத் தெரியும் அங்கிள்," என்றார் சாந்தினி. "நரம்புதான் அது. வேற ஒண்ணும் இல்ல."

கனி தலையை ஆட்டினார். நம்பினாரா என்பது வேறு விஷயம். கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அவர் என்னவோ முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் நோர்மாவுக்குத் தமிழ் தெரியாது. சாந்தினி குனிந்து கேட்டார். "எறங்கு," என்றார் கனி. "எறங்கு, போதும்." அதற்கப்புறம் தூங்கிவிட்டார். அவரைக் குப்புறப் படுக்க வைத்து, நடு முதுகில் திறந்து, எலும்பின் பின்சுவரை எடுத்து, உறையைக் கிழித்து, உள்ளே ஒட்டியிருந்த உருண்டையைத் தண்டுவடத்துக்கு நோகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தார்கள். பார்த்துச் செய்கிற வேலை, நேரம் பிடித்தது. ஃபஸீலா வெளியே நாற்காலியில் அம்மாவின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் டிரைவர் பொறுக்கிக் கொடுத்திருந்தான், ஒரு பக்கம் கீறல்.

கண் விழித்ததும் கனி முதலில் தேடியது காலை இல்லை. விலாவைத்தான். முதுகில் தையல் வலித்தது. ஆனால் வயிற்றைச் சுற்றி ஒன்றுமே இல்லை. பிடி போய்விட்டது. மூச்சு தாராளமாக இறங்கியது. இருமிப் பார்த்தார். யாரும் இறுக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றார். அப்புறம் அழுதார். பயந்து விரட்டியது எதுவோ, அது போனதற்கு நிம்மதி. ஆனால் பின்சீட்டு இப்போது நிஜமாகவே காலி. காமாரியா அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை, வரவே போவதில்லை. மவுத்தான அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் இந்த வார்டில் அழுதார். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் டிஷ்யூ பெட்டியை நீட்டினார்.

கட்டி புற்று இல்லை என்று சோதனையில் வந்தது. கால் மட்டும் உடனே திரும்பவில்லை. சாந்தினி தினமும் காலையில் பஞ்சோடு வருவார். நெஞ்சுக்குழி வரைக்கும் "ம்." அதற்குக் கீழே அமைதி. "நசுங்கிக் கெடந்தது ரொம்ப நாள் அங்கிள். வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. வந்தா மேலேர்ந்துதான் ஆரம்பிக்கும். எறும்பு ஊறுற மாதிரி, தண்ணி ஊத்துற மாதிரி, இல்லாத தொடல் கூடத் தெரியலாம். பயப்படாதீங்க." கனி தலையை ஆட்டுவார். ஹனீபா ரொட்டிச்சானாய் கட்டிக்கொண்டு வந்து, கபர்ஸ்தான் பேச்சை எடுக்காமல், ஃபுட்பால் பேசிவிட்டுப் போனான். ஒவ்வொரு நாளும் டாக்டர் போன பிறகு ஃபஸீலா பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். இனிமேல் அத்தா நடக்கவே மாட்டார் என்று அவள் உள்ளுக்குள் தயாராகிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் வெளியே நல்ல மழை. ஃபஸீலா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். இரண்டு கையிலும் சாப்பாட்டுக் கேரியர். சாந்தினி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கண்ண மூடிக்குங்க அங்கிள். தொட்டா சொல்லுங்க."

கனி கண்ணை மூடினார். சட்டென்று அவர் முகம் மாறியது.

"ம்," என்றார்.

சாந்தினி நிமிர்ந்தார். "எங்க?"

"வலது இடுப்புல," என்றார் கனி. "ஒரு கை. ஒரே ஒரு கை."

"அங்கிள்," என்றார் சாந்தினி மெதுவாக. பஞ்சு பாக்கெட் இன்னும் பிரிக்காமல் அவர் மடியில் கிடந்தது. "நான் இன்னும் தொடவே இல்லையே."

ஃபஸீலா கையிலிருந்த கேரியர் லேசாகச் சத்தம் போட்டது. அவள் பார்வை அத்தாவின் வலது பக்கம் போனது. போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது. கால்மாட்டில், போர்வைக்கு வெளியே தெரிந்த கால் கட்டைவிரல் மெல்ல அசைந்தது.

கனி கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும்மா," என்றார்.